உப்புக் காத்துப் பாட்டு

மின்வாரிய கேன்டீனில் சமைக்கும் மரியபுஷ்பம் இருபது வருடத்தில் முதல் தடவையாக லீவு போட்டுவிட்டுப் பாட்டுப் போட்டிக்கு வந்திருந்தாள். தூத்துக்குடியில் எல்லோருக்கும் தெரிந்த பழைய ‘உப்புக் காத்து’ பாட்டை நாட்டுப்புறப் பிரிவில் கொடுத்திருந்தாள். பல்லவியை முடிப்பதற்குள் நடுவர் வேங்கடேச பாகவதர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

“இது ஆனந்தபைரவிம்மா. கர்நாடக இசைல சேரும். இந்தப் பிரிவுல பாட முடியாது.”

“என்ன சார் சொல்றீங்க? உப்பளத்துல பொம்பளைங்க பாடுன பாட்டு. அசல் நாட்டுப்புறம்லா!” என்றார் பக்கத்திலிருந்த இன்னொரு நடுவர், பேராசிரியை பேச்சியம்மாள்.

மரியபுஷ்பம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சாம்பார் கொதிக்கும்போதெல்லாம் ஒரு மாதமாகப் பாடிப் பழகிய பாட்டு.

பாகவதர் தொடையில் தாளம் போட்டு, ராகத்தை நிரூபிக்கப் பாடிக் காட்டினார். பேச்சியம்மாள் விடுவாரா? எழுந்து நின்று, உப்பு வாருகிற வேகத்தில் அதே வரியைப் பாடினார். இரண்டும் அவ்வளவு நன்றாக இருந்தன. சும்மா நிற்க முடியாமல் மரியபுஷ்பம் அடுத்த வரியை எடுத்தாள். “ஆகா!” என்று பாகவதர் அவளோடு சேர்ந்துகொண்டார். பேச்சியம்மாள் குலவையிட்டார். அரங்கமே கைதட்டிப் பாடத் தொடங்கியது.

அமைப்பாளர் பேனாவோடு மேடைக்கு ஓடிவந்தார்.

“எந்தப் பிரிவுன்னு எழுதட்டும்? யாராவது சொல்லுங்களேன்!”

மரியபுஷ்பத்தின் காதில் அது விழாமல் இல்லை. ஆனால் பாகவதர் மூன்றாம் சரணத்தின் முதல் சொல்லை மறந்துவிட்டு, ஆவலோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.