பகல் விளக்கு

“பகல்ல எதுக்குங்க லைட்டு? அதான் மேல சூரியன் எரியுதே,” என்றாள் அவள்.

கணவன் காரின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் ஸ்க்ரூடிரைவர். பக்கத்தில் மாமனார், புது எல்.இ.டி. பல்புகளைத் தட்டில் வைத்து ஏந்தாத குறையாக நின்றார். லீவு நாளில் மத்தியானம்வரை தூங்கும் மகள்கூடக் குளித்துவிட்டு வந்திருந்தாள்.

“உன் பாதுகாப்புக்குத்தான். பழைய வண்டி, கலரும் ரோட்டுக் கலர். வண்டி ஓடும்போது முன்னாடி தானா எரியற பகல் விளக்கு அழுது வடியுது. நீ வர்றதே யாருக்கும் தெரியமாட்டேங்குது,” என்றான் கணவன்.

“ஆமாம்மா. வர்றது தெரியணும். அதுதான் முக்கியம்,” என்றார் மாமனார்.

அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. சட்டைத் தொழிற்சாலையில் அவள் தரப் பரிசோதகர். காலரில் ஒரு நூல் பிசிறினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால்தான் லட்சணம் தெரியும் என்பது அவள் கொள்கை. வீட்டிலும் அதேதான். மணி அடிக்கமாட்டாள், தன் சாவியைப் போட்டுக் கதவைத் திறப்பாள்.

உள்ளே தினமும் ஒரே காட்சி. சிங்க் நிறைய பாத்திரம். அலறும் டிவி, அதன் முன்னால் கணவன். முட்டி ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சொன்ன பயிற்சியை மறந்துவிட்டுத் தனியாகச் சீட்டாடும் மாமனார். அரியர் வைத்த பாடப் புத்தகத்தைத் தலையணையாக்கிக்கொண்டு போன் பார்க்கும் மகள். அப்புறம் அவள் வாயைத் திறந்தால் மூடுவதற்கு வெகு நேரமாகும்.

இந்த லட்சணத்தில்தான் வெளியூரில் திறக்கப்போகும் புதுத் தொழிற்சாலைக்கு அவளைத் தலைமைப் பரிசோதகராகக் கூப்பிட்டிருந்தார்கள். பல வருஷமாக ஏங்கிய பதவி. ஆனால் சனி, ஞாயிறு மட்டும்தான் வீட்டுக்கு வரமுடியும். இந்த மூன்று பேரையும் நம்பி எப்படிப் போவது? வீட்டில் மூச்சு விடாமல், ஆபீசிலும் பதில் சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தாள்.

இடது பக்கப் பல்பு எரியவில்லை.

“கடைக்காரன் தலையில கட்டிட்டான்,” என்று கணவன் குதித்தான்.

“அப்பா, இதுல பிளஸ், மைனஸ் உண்டு. திருப்பிப் போட்டுப் பாருங்க,” என்றாள் மகள்.

திருப்பிப் போட்டதும் பளிச்சென்று எரிந்தது. கொஞ்சம் லூசாகத்தான் உட்கார்ந்தது. மாமனார் பம்பரில் ஒரு தட்டுத் தட்டி, அதுவே போதும் என்று முடித்துவிட்டார்.

“நீ பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்த் திரும்பி வா. எவ்வளவு தூரத்துல தெரியுதுன்னு நாங்க பாக்கறோம்,” என்றான் கணவன்.

அவள் திரும்பி வந்தபோது மூன்று பேரும் மாடியில் நின்று கை தட்டினார்கள். சேர்ந்து ஒரு டிவி சேனலைக்கூடத் தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்கள், இன்று தனக்காக ஒன்று சேர்ந்திருக்கிறார்கள்.

மறுநாளிலிருந்து வீடே தலைகீழாக மாறிவிட்டது. கதவைத் திறந்தால் டிவி சத்தமில்லை. சிங்க் பளபளத்தது. கணவன் துணி மடித்துக்கொண்டிருந்தான். மகள் புத்தகத்தில் மூழ்கியிருந்தாள். போன வாரம் பார்த்த அதே பக்கத்தைத்தான் இந்த வாரமும் படித்தாள். ஆழமாகப் படிக்கிறாள்போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். மாமனாரோ அவள் நுழையும்போதெல்லாம் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க, “ஒம்போது... பத்து...” என்று காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, ரொம்ப வருத்திக்காதீங்க,” என்றாள் ஒருநாள்.

“என்னம்மா பண்றது, நீ நிம்மதியா இருக்கணுமே,” என்றார் அவர்.

அன்று ராத்திரி அவள் வெகுநாள் கழித்துச் சிரித்துக்கொண்டே படுத்தாள். தான் இல்லாமலும் இந்த வீடு நடக்கும்.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி கூப்பிட்டு, “என்ன மேடம், போறீங்களா, வேற ஆளப் பாக்கட்டுமா?” என்றார்.

“போறேன் சார்,” என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள்.

வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பினாள். மூன்று பேரிடமும் ஒன்றாகச் சொல்லவேண்டும் என்று போகிற வழியில் ஒரு கேக் வாங்கிக்கொள்ள நினைத்தாள். கேட்டில் காவலாளி காரை நிறுத்தினார்.

“மேடம், முன்னாடி இடது பக்கம் லைட்டு எரியலையே.”

“அப்படியா? பரவாயில்லை, வீட்டுக்குப் போய்ச் சொன்னா எங்க வீட்டுக்காரர் உடனே பாத்துக்குவார்,” என்றாள். அதைச் சொல்வதிலேயே அவளுக்குப் பெருமையாக இருந்தது.

கேக்கும் கையுமாக வாசலில் இறங்கி, வழக்கம்போலச் சத்தமில்லாமல் கதவைத் திறந்தாள்.

டிவி அலறிக்கொண்டிருந்தது. சிங்க் நிரம்பி வழிந்தது. மடிக்காத துணிக் குவியலுக்குள் கணவன் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். சோபாவில் போனும் கையுமாகக் கிடந்த மகள், அம்மாவைப் பார்த்ததும் பேயைப் பார்த்தவள்போல எழுந்து மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள்.

“தாத்தா, அங்க என்னதான் பாத்துட்டிருக்கீங்க?”

“ஏன் கத்தறே, உங்கம்மா இன்னும் வரலை,” என்று மாடியிலிருந்து மாமனாரின் குரல் நிதானமாக இறங்கி வந்தது. “இப்ப வந்தது ஒத்தை லைட்டு, யாரோ பைக்கு. உங்கம்மா வண்டின்னா ரெண்டு எரியுமே, வந்தா நான் சொல்லமாட்டேனா? நீ பாட்டுக்கு டிவியப் பாரு.”