பத்துக்கு எத்தனை

அந்தமானின் மாயாபந்தர் அலுவலகத்தில் மின்விசிறி வேகமாகச் சுழன்றும் குமாஸ்தா தமிழ்வாணனுக்கு வியர்க்கிறது. வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம். மேஜையில், பெயர் பதவியோடு நிரப்ப வேண்டிய ‘ஊழியர் மகிழ்ச்சி அளவீட்டுப் படிவம்’. பத்துக்கு எத்தனை என்ற காலிக் கட்டத்தில் கடல் வெளிச்சம் ஆடுகிறது. “மூணு போடட்டுமாக்கா?” என்று கேட்கிறார். பக்கத்து மேஜைப் பங்கஜம் குரலைத் தாழ்த்துகிறார். “போன வருஷம் குணா மூணு போட்டான். இடம் மாறினா மனசு தேறும்னு, ரெண்டு நாள் கப்பல்ல தெற்குக் கோடி கேம்பல் பே தீவுக்கு அனுப்பிட்டாங்க.” “அப்ப ஒம்பது?” “அரே, ஒம்பது போட்ட பாலகுமாரையும் அதே கப்பல்லதான் ஏத்தினாங்க. எங்க அனுப்பினாலும் சிரிச்சிட்டு இருப்பானாம்.” தமிழ்வாணன் பேனாவைக் கட்டத்தருகே கொண்டுபோகிறார். “அஞ்சு?” பங்கஜம் சட்டென்று தன் படிவத்தைக் கையால் மூடிக்கொள்கிறார். “அது நான் போட்டுட்டேன் தம்பி. ரெண்டு பேரும் ஒண்ணே போட்டா, பேசிவச்சதுன்னு மாட்டிக்குவோம்.” அதிகாரியின் அறைக் கதவு திறக்கிறது. சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல், தமிழ்வாணன் வாயைப் பாதி திறந்தபடி எழுந்து நிற்கிறார்.