முப்பத்தெட்டே செகண்டு

"நிக்காதீங்க! நின்னா எல்லாம் போச்சு, ஓடுங்க!"

ரகுநாத் மைக்கில் கத்தினான். கேட்டைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்த இளைஞன், அதைக் கேட்டதும் வேகத்தைக் கூட்டினான். அவன் பின்னாலேயே, கயிறோ கழுத்துப்பட்டையோ இல்லாமல், செவலை நிறத்தில் ஒரு இளம் நாய் நாலுகால் பாய்ச்சலில் வந்தது.

செம்மல்தான், சந்தேகமே இல்லை. குன்றாண்டார்கோவிலிலிருந்து போனில் பேசி, 'பத்து மணிக்கு நாயோட வாரேன் சார்' என்றவன், சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டான். தலையிலிருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, முதுகில் பெரிய பை வேறு. என்ன ஆர்வம் பாருங்கள்!

ரகுநாத்துக்கு அப்படி ஒரு ஆள் அன்றைக்குக் கிடைத்தே ஆகவேண்டும். துபாய் வேலையை உதறிவிட்டு வந்து, வல்லத்திராக்கோட்டை தாண்டி ஒரு தைலமரத் தோப்போரம், நாய்களுக்குத் தடை தாண்டி ஓடக் கற்றுத் தரும் பள்ளியை ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. அதற்குள் ஊர் அவனுக்கு 'நாய் வாத்தியார்' என்று பெயர் வைத்துவிட்டது. திருச்சியில் நடக்கும் போட்டிக்கு ஒரு ஜோடியையாவது அனுப்பாவிட்டால் வெளியில் தலைகாட்ட முடியாது. பெயர் கொடுக்கக் கடைசி நேரம் இன்று பகல் பன்னிரண்டு.

இருக்கிற மாணவர்களின் லட்சணம் அப்படி. ஸ்டாப் வாட்ச்சோடு பக்கத்தில் நிற்கும் கலைமதியின் லாப்ரடார், தடைக்கட்டையைக் கண்டால் அதன் நிழலில் படுத்துவிடும். இப்போதும் வேப்பமரத்தடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"இங்கிட்டு, இங்கிட்டு வாங்க! கட்டையத் தாண்டுங்க!"

அவன் தாண்டினான். நாயும் தாண்டியது. வழக்கமாக நாய்தான் தாண்டும், ஆள் ஓரமாக ஓடிவருவார். இவன் என்னடாவென்றால் நாய்க்கு முன்னால் தானே தாண்டிக் காட்டுகிறான். இப்படி ஒரு அர்ப்பணிப்பை ரகுநாத் துபாயில்கூடப் பார்த்ததில்லை.

"கொழாய்க்குள்ள பூந்துருங்க! அதான் வழி!"

துணிக்குழாய்க்குள் அவன் பையோடு தவழ்ந்தான். நாய் குரைத்துக்கொண்டே நுழைந்தது. இரண்டு பேரும் ஒரே மூச்சில் மறுபக்கம் வந்து விழுந்தார்கள்.

"திரும்பிப் பாக்காதீங்க! கம்புகளுக்கு நடுவுல வளைஞ்சு வளைஞ்சு ஓடுங்க!"

பன்னிரண்டு கம்புகள். ஒன்றில்கூட இடிக்கவில்லை. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அவன் ஏதோ அலறினான். நாய்க்கு உத்தரவு கொடுக்கிறான் என்று ரகுநாத் புரிந்துகொண்டான்.

"சபாஷ்! இந்தப் பலகையில ஏறி எறங்கிட்டா முடிஞ்சுச்சு. எங்கிட்ட வந்துருங்க!"

கூரைபோல் சரிந்து நின்ற பலகையில் ஏறி, மறுபக்கம் சறுக்கி இறங்கி, நேராக வந்து ரகுநாத்தை இறுகக் கட்டிக்கொண்டான் அவன். உடம்பெல்லாம் நடுங்கியது. நாய் இருவர் முன்னாலும் உட்கார்ந்து வாலை ஆட்டியது. ரகுநாத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"முப்பத்தெட்டே செகண்டு சார்!" என்று கலைமதி குதித்தாள். "திருச்சி கப்பு நமக்குத்தான்!"

ரகுநாத் அவசரமாகப் போனைத் திறந்து விண்ணப்பத்தில் 'செம்மல்' என்று தட்டினான்.

"பிரமாதம் தம்பி! நாய் பேரச் சொல்லுங்க, இப்பவே அனுப்பிருவோம்."

அவன் பிடியை விடாமலே ஒரு கையால் ஹெல்மெட்டைக் கழற்றினான். மூச்சு இரைத்தது.

"தம்பி செம்மல்..."

"செம்மலா? நான் கொரியர் சார், ஒங்களுக்கு ஒரு பார்சல் வந்திருக்கு. வாசல்லேருந்தே தொரத்துது. நீங்க மட்டும் வழி சொல்லலேன்னா இன்னைக்கு என் கெண்டைக்காலு போயிருக்கும்."

கலைமதியின் கை வாய்க்குப் போனது. ரகுநாத் நாயைப் பார்த்தான். அது அவனைப் பார்த்து இன்னும் பலமாக வாலை ஆட்டியது.

"அப்ப... இந்த நாயி?"

கொரியர்க்காரன் சட்டென்று ரகுநாத்தின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தான்.

"ஐயையோ, இது ஒங்க நாய் இல்லையா சார்?"