ஆறாயிரத்துக்கு மேல்

“மூணாவது தடவைய்யா! இன்ஜின் வேகம் ஆறாயிரம் ஆர்.பி.எம். தாண்டினா திக்கித் திக்கி மிஸ்ஸிங் அடிக்குது. என்னை ஏமாத்துறியா?” என்று கத்தினார் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் சொந்தக்காரர். பட்டறையே வேடிக்கை பார்த்தது.

மெக்கானிக் கழற்றிய ஸ்பார்க் பிளக்கை நீட்டினார். “நான் சரியா வெச்ச இடைவெளியை யாரோ நெம்பி அகலமாக்கியிருக்காங்க, சார். மெதுவாப் போனா தெரியாது, விரட்டினா பொறி அணைஞ்சிடும். ஆறு பிளக்கும் ஒரே அளவு. தேர்ந்த கை! வீட்டுல யார் யாரு?”

“நானும் சம்சாரமும்தான். அவளுக்கு பல்பு மாட்டக்கூடத் தெரியாது.”

இருபது வருஷமாக அந்த வீட்டில் பல்பு மாட்டுவது அவர்தான், பாவம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனைவி வாரப் பத்திரிகையை மூடினாள். “நான்தாங்க.”

“நீயா?”

“எங்கப்பா பட்டறைக்கு சாப்பாடு கொண்டு போனேன்னுதானே நினைச்சீங்க? இன்ஜின் பிரிச்சேன்.”

“ஏண்டி இப்படிப் பண்ணினே?”

“போன மாசம் லாரிக்கு அடியில போகப் பார்த்தீங்க. என் பேச்சுக்கு வேகம் குறையலை, வண்டி திக்கினாத்தான் குறையுது.”

அவர் கார் சாவியை எடுத்து மனைவி கையில் கொடுத்தார்.

மறுமாதமே மனைவி அதே பட்டறையில் தலைமை மெக்கானிக் ஆனாள். காரை வெளியூர்க்காரன் ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையாம்.