சான்றிதழ் மேஸ்திரி

"இந்தக் காலத்துல வேலை தெரிஞ்சவன் கீழே நிக்கிறான், காகிதம் வச்சிருக்கறவங்க சாரத்துல நிக்கிறாங்க" என்று பொருமியபடியே பெரியவர் கலவைச் சட்டியை மேலே தூக்கிக் கொடுத்தார்.

மேஸ்திரி கரண்டியால் கிளறிப் பார்த்தார். "தண்ணி அதிகம். மறுபடி கலக்குங்க."

"எனக்கேவா? ஊர்ல பாதி வீடு நான் கட்டினது!"

"யாரு இல்லேன்னாங்க? பயிற்சி முடிக்காதவங்க கரண்டியைத் தொடக்கூடாதுன்னு சட்டம். வகுப்புல சேராதவங்கள அடுத்த மாசம் உள்ளேயே விட மாட்டாங்க. பேர் கொடுத்துடட்டுமா?"

"சுவர் கட்ட எனக்கு வாத்தியாரா? வேலை போனா போகட்டும்!"

மேஸ்திரி தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டார்.

"கல்யாணமான நாள்லேருந்து நீங்க கட்டினீங்க, நான் சட்டி சுமந்தேன். ஒரு நாளாவது முகம் சுளிச்சேனா?" என்றாள் மேஸ்திரி, பெரியவரின் மனைவி.

"அதுக்கு இப்ப பழி வாங்குறியாடி?"

"இல்லீங்க. நீங்களும் இங்கே என் பக்கத்துல நின்னு கட்டணும். அதான் காலையிலேயே பேர் கொடுத்துட்டேன்."

பெரியவர் சட்டியைப் பிடுங்கிக்கொண்டு மறுபடி கலக்க நடந்தார்.

"உன் சுவர் கோணலாத்தான் போகும், பாத்துக்கோ!" என்றார், நூல் பிடித்தாற்போல் நின்ற சுவரைத் திரும்பியும் பார்க்காமல்.