என் ரோஜாவை நிமிர்த்தாதீர்கள்
ஆயில் பெயிண்ட் வகுப்பின் மேசைமேல் சாய்ந்த வெயில் விழுகிறது. கண்ணாடி ஜாடியில் இன்று காலை வாங்கிய மஞ்சள் ரோஜாக்கள் அணிவகுப்புக்கு வந்ததுபோல் விறைப்பாக நிற்கின்றன. என் கேன்வாசில் மட்டும் ஒன்று தலையைத் தொங்கப் போட்டிருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன் ஜாடியில் இருந்த ரோஜா அப்படித்தான் தொங்கியது; பார்த்துப் பார்த்துத் தீட்டினேன். நான் தீட்டிய மற்ற நான்கு ரோஜாக்களும் முட்டைக்கோஸ் என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். இது ஒன்றுதான் பூ. என் மகள் வயது ஆசிரியை பின்னால் வந்து நிற்கிறார். "இது ஏன் சார் இப்படி அழுது வடியுது?" பதிலுக்குக் காத்திராமல் என் கையிலிருந்தே தூரிகையை உருவுகிறார். தொங்கும் தலையைப் பின்னணி நிறத்தால் மூடி, அதற்கு மேலே நாலே இழுப்பில் நிமிர்ந்த ரோஜா ஒன்றை வைக்கிறார். பக்கத்து ஸ்டூலில் இருக்கும் பல் டாக்டர் அம்மா கைதட்டுகிறார். "இப்பதான் சார் உயிரே வந்திருக்கு!" அதுவரை என்ன, செத்தா கிடந்தது? எனக்குக் காது சுடுகிறது. "அன்னிக்கு அது தொங்குச்சும்மா," என்கிறேன். "பார்க்கிறவங்களுக்கு அது எப்படி சார் தெரியும்?" என்றபடி ஆசிரியை நகர்கிறார். "எனக்குத் தெரியுமே!" என் குரல் எனக்கே அதிகமாகக் கேட்கிறது. அறையில் எல்லாத் தூரிகைகளும் நிற்கின்றன. துணியை டர்பன்டைனில் நனைத்துத் துடைக்கிறேன். அவர் பூசியது இன்னும் ஈரம். வெண்ணெய்போல் வழித்துக்கொண்டு வருகிறது. அடியில் மூன்று வாரமாகக் காய்ந்து இறுகிய என் ரோஜா, ஓர் இதழும் கலையாமல், தலையைத் தொங்கப் போட்டபடியே வெளியே வருகிறது.