ஒரு படி கூடுதல்

மணல் வாளியோடு முதலில் ஓடிவந்தவன் பக்கத்து பிரஸ் பாண்டிமுருகன். அவன் பின்னால் பாதித் தெரு வந்தது. சிவகாசியில் கருகல் வாடை அடித்தால் யாரும் நின்று விசாரிப்பதில்லை.

"எங்கன? எந்த ரூம்புல?"

"ஒண்ணுமில்லண்ணே, கம்ப்யூட்டர்" என்றாள் டைப் அடிக்கும் அருணாதேவி.

பாண்டிமுருகன் வாளியைக் கீழே வைத்தான். முகத்தில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது.

இக்பால் நாற்காலியை விட்டு எழவில்லை. பிடுங்கிய பிளக் இன்னும் கையிலேயே இருந்தது. திரையில் மேலே போய்க்கொண்டிருந்த ராக்கெட், கோடு கோடாகக் கிழிந்து அணைந்து போயிருந்தது.

அது சண்முகவேலின் டிசைன் சென்டர். வெடி லேபிளும் காலண்டரும் செய்துகொண்டிருந்த இடத்துக்கு, ஒரு பட்டாசு கம்பெனியின் கேபிள் டிவி விளம்பரம் முதல் முறையாக வந்திருந்தது. ராக்கெட், புகை, பொறி எல்லாம் முப்பரிமாணத்தில் கேட்டார்கள். கம்ப்யூட்டர் திணறியது. புது கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்றார் சண்முகவேல். வேண்டாம், இருக்கிற கார்டையே வேகம் கூட்டி ஓட்டலாம் என்றவன் இக்பால்.

"அதோட ஆயுசு கொறையாதாலே?"

"கொறையாது அண்ணாச்சி. கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும். ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாத்து, சூடு எம்புட்டுன்னு கவனிக்கணும். திரையில புள்ளி விழுந்தா இறக்கிடணும். வோல்டேஜ்ல மட்டும் கை வைக்கவே கூடாது."

"மருந்து கலக்குறவன் மாதிரியே பேசுறயே. சரி, உன் பொறுப்பு."

கார்டு நன்றாகவே ஓடியது. மற்ற சென்டர்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, எப்படி என்று கேட்டுப் போனார்கள். இக்பால் எல்லோருக்கும் பாடம் எடுத்தான். படிப்பைப் பாதியில் விட்டவனுக்கு அது பிடித்திருந்தது.

ஆயுத பூஜை லீவுக்கு விருதுநகர் போய், வீட்டாரோடு நோன்பு இருந்துவிட்டு, அன்று காலைதான் திரும்பியிருந்தான். வாசலில் வாழைக்கன்று வாடி நின்றது. மானிட்டர் நெற்றியில் குங்குமம். சுவிட்சைப் போட்டான். எப்போதும் மாவு மில் மாதிரி இரையும் கம்ப்யூட்டர் அன்று சாதுவாக எழுந்தது. லீவு அதற்கும் ஒத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வேலையைத் திறந்தான். அரை ராக்கெட் ஏறுவதற்குள் புகை வந்துவிட்டது.

டீக்கடையிலிருந்து சண்முகவேல் வேட்டியை மடித்துப் பிடித்தபடி வந்தார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"கார்டுதான் போயிருச்சு அண்ணாச்சி" என்றாள் அருணாதேவி.

"ஸ்பீடு கூட்டுறேன்னு சொன்னான்ல" என்றான் பாண்டிமுருகன். "சும்மா சொல்லக் கூடாது, தீபாவளிக்கு முன்னாடியே புஸ்வாணம் விட்டுட்டான்."

கூட்டம் சிரித்தது. அருணாதேவி சிரிக்கவில்லை.

"நேத்துலேருந்தே இங்கன கரண்டு ஏறி ஏறி எறங்குது அண்ணாச்சி. அதனாலகூட இருக்கும்" என்று இக்பாலைப் பார்த்தாள். பிடித்துக்கொள் என்றது அந்தப் பார்வை.

இக்பால் பிளக்கை மேஜை மேல் வைத்தான்.

"கரண்டு இல்ல அண்ணாச்சி. நாந்தான். ஊருக்குப் போற அன்னைக்கு இன்னும் ஒரு படி கூட்டுனேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓட்டிப் பாக்கல. இன்னைக்கு வந்தும் பாக்கல. ஊருக்கெல்லாம் சொன்னேன், நான் செய்யல."

சிரிப்பு நின்றது. பாண்டிமுருகன் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவன் இன்னும் இரண்டு வார்த்தை கேலி பேசியிருந்தால் தேவலை என்று இருந்தது இக்பாலுக்கு. கூட்டம் கலைந்தது.

சண்முகவேல் திட்டுவார் என்று காத்திருந்தான். அவர் திட்டவில்லை. கருத்துக் கிடந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவன் எழுந்து பையைத் தோளில் மாட்டினான்.

"நான் வேலையிலேருந்து நின்னுக்கிடுறேன் அண்ணாச்சி."

"நோன்பு வயித்தோட எங்கலே போற? உக்காரு."

"உங்க மிஷினை இனிமே தொட எனக்கு மூஞ்சி இல்ல."

"என் மிஷினா?" சண்முகவேலுக்குச் சுருக்கென்றது. "என்னைக்காவது அப்படிப் பிரிச்சுப் பேசிருக்கேனா? இந்த வேலை உன் கையால ஓடுது. நீ ஊர்ல இல்ல, உன்னை விட்டுட்டுப் பூசை போட்டுட்டோம்னு நெனச்சுடக் கூடாதுன்னு, உன் மிஷினுக்கு யாரையும் விடாம நானே செஞ்சேன். பொட்டியைக்கூடக் கழட்டி உள்ள பாத்தேன்."

இக்பால் தலையைத் தூக்கினான்.

"உள்ளயா?"

"பின்ன? அந்தக் கார்டுக்கு உசிரே அது மேல சுத்துற காத்தாடிதான்னு நீதானலே சொன்ன?"

"ஆமா அண்ணாச்சி."

"அதான், மத்ததுக்கெல்லாம் பொட்டோட விட்டுட்டு, காத்தாடிக்கு மட்டும் கை நெறையச் சந்தனத்தை அப்பி வச்சேன்."